அம்மா ஒரு தடவைதான் கூப்பிடுவாள்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். அம்மாவின் நலம் என்றால், போன மாதம் எப்படி இருந்தாளோ அப்படியே இருக்கிறாள் என்று வைத்துக்கொள். வலது கை மடியிலேயே கிடக்கிறது. ஆள் பிடித்துக்கொண்டால் வலது காலை இழுத்து இழுத்துப் பாத்ரூம் வரை போகிறாள். உன் உடம்பு எப்படி? அண்ணிக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை வேலை முடிந்ததா?

நீ அனுப்பிய மூச்சுப் பயிற்சித் தாள்கள் வந்தன. அம்மா எழுவதற்கு முன் நாற்காலியில் உட்கார்ந்து செய்து பார்த்தேன். மூச்சை இழுத்து உள்ளே நிறுத்த வேண்டிய இடத்தில் என் கட்டைவிரல் தானாகக் கைப்பிடியை அமுக்கியது. "மூச்சை நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிவிட்டு எக்ஸ்ரே பட்டனை அமுக்குகிறவளுக்கு வேறு என்ன வரும்? இருட்டறையில் பிலிம் கழுவும் எங்கள் டார்க் ரூம்காரரிடம் சொன்னேன். "படம் தெளிவா விழுந்துச்சாம்மா?" என்று கேட்டார்.

இனி நான் எழுத வந்த விஷயம். போன் அம்மாவின் தலைமாட்டில் இருக்கிறது, அதனால்தான் கடிதம். எங்கள் ஆஸ்பத்திரியில் பழைய எக்ஸ்ரே அறையை மூடப் போகிறார்கள். புது ஸ்கேன் மெஷின் வருகிறது. அதற்கு வெளியூரில் தங்கி ஆறு வாரம் பயிற்சி எடுக்க வேண்டும். மே மாதம் ஆரம்பம். போகிறவர்களுக்கு மெஷின், போகாதவர்களுக்கு டோக்கன் கவுண்டர். இத்தனை வருஷம் மனிதர்களின் உள்ளே பார்த்துவிட்டு இனி ஜன்னல் வழியாக எண் கூப்பிட என்னால் முடியாது, அண்ணா.

பகலுக்கு உதவி அம்மாள் வருகிறாள். காலைக்கும் இரவுக்கும்தான் ஆள் வேண்டும். நீ வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாய். அந்த ஆறு வாரம் வந்து அம்மாவுடன் இருப்பாயா? மார்ச் முடிவதற்குள் பெயர் கொடுக்க வேண்டும்.

அண்ணிக்கு என் அன்பு. பதில் போடு.

உன் தங்கை


மார்ச் 1

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நானும் அண்ணியும் சுகம். அம்மாவையும் உன்னையும் தினமும் நினைத்துக்கொள்கிறேன். உன் கையெழுத்தில் பரபரப்பு தெரிகிறது. எழுத்துகள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. உனக்குப் பயிற்சி எவ்வளவு தேவை என்பதை அதுவே சொல்கிறது.

நீ ஆரம்பித்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் அவசரப்படுகிறாய். முதலில் மூச்சை நிறுத்தவே வேண்டாம். உள்ளே போவதையும் வெளியே வருவதையும் மூக்கு நுனியில் கவனி, போதும். முதுகு நேராக இருக்கட்டும், நாற்காலியில் சாயாதே. வெளியே விடும் மூச்சு உள்ளே இழுப்பதைவிட நீளமாக இருக்கட்டும். வெளியிலிருந்து சத்தம் வந்தால் அதோடு சண்டை போடாதே, அதன் பின்னாலும் போகாதே. 'சத்தம்' என்று மனதுக்குள் ஒரு பெயர் வைத்து விட்டுவிடு. அது வந்த வழியே போய்விடும். என் பயிற்சி ஆசிரியர் சொல்லிக்கொடுத்ததில் என்னை மாற்றியது இந்த ஒன்றுதான். நான் எப்படிப்பட்டவனாக இருந்தேன் என்று உனக்குத் தெரியும். காபி ஆறியிருந்தால் டம்ளர் சுவரில் பறக்கும். இப்போது ஆறிய காபியை ஆறிய காபி என்று பார்க்கிறேன், குடிக்கிறேன்.

எந்த நாளும் விடாமல் செய். ஒரு நாள் விட்டால் மனம் அதை வழக்கமாக்கிக்கொள்ளும்.

மற்றவற்றைப் பார்த்துக்கொள்ளலாம். அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். அங்கேயும் அப்படியே என்று உன் கடிதத்தின் நிதானத்திலிருந்து தெரிந்துகொண்டேன்.

கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் மூக்கு நுனிக்கு ஒரு பத்தி இருக்கிறது. நான் கேட்டதற்கு ஒரு வரி இல்லை. 'மற்றவை' என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் நான் கேட்டது.

பயிற்சியை விடவில்லை. பொய் சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் இருக்கிறது. அந்தக் கொஞ்ச நேரம் வீட்டில் யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. எனக்கென்று குடும்பம் இல்லை, ஆகவே எனக்கு நேரம் இருக்கிறது என்பது எல்லாருடைய கணக்கு. மூச்சு விட நேரமில்லை என்று சும்மா சொல்வோமே, இப்போது அதற்கென்றே நேரம் ஒதுக்கி விடுகிறேன். டார்க் ரூம்காரர் மட்டும் மசியவில்லை. "கண்ணை மூடிக்கிட்டு இருட்டுல உட்கார்ந்தா ஞானம் வரும்னா எனக்கு எப்பவோ வந்திருக்கணுமே. எனக்கு வந்ததெல்லாம் சளிதான்" என்கிறார்.

மறுபடி கேட்கிறேன். மே மாதம் வருவாயா? வருவேன் அல்லது மாட்டேன், இரண்டில் ஒரு சொல் எழுது.

உன் தங்கை


மார்ச் 22

அன்புத் தங்கைக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதத்தின் தொனி என்னைத் தொடவில்லை என்று சொல்ல மாட்டேன். தொட்டது. பார்த்தேன். போய்விட்டது.

என் நிலையையும் நீ புரிந்துகொள்ள வேண்டும். இப்போது பயிற்சியின் முக்கியமான கட்டத்தில் இருக்கிறேன். காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் உட்கார வேண்டும். இடையில் விட்டால் முதலிலிருந்து தொடங்கச் சொல்கிறார் ஆசிரியர். எனக்கு இது பொழுதுபோக்கு இல்லை. ரத்தக் கொதிப்பு மாத்திரை பாதியாகக் குறைந்திருக்கிறது. நீ அடுத்த வருஷப் பயிற்சிக்குப் பெயர் கொடுக்க முடியாதா? மெஷின் எங்கே ஓடிவிடப் போகிறது?

நன்றாக யோசி. யோசிப்பதற்கு முன் உட்கார்.

அன்புடன்,
அண்ணன்

(தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார். ஒட்டுவதற்கு முன் நானும் இரண்டு வரி எழுதுகிறேன். உன் அண்ணனுக்குக் கோபம் போனது உண்மை, நான் சாட்சி. கூடவே ஆளும் போய்விட்டார். காலையில் வாசல் மணி அடித்தாலும் நான்தான் ஓட வேண்டும், பாலும் பொங்கக் கூடாது, பாத்திரமும் உருளக் கூடாது. தாராளமாக அனுப்பி வைக்கிறேன். நீ பிடிவாதமாகக் கேள். - அண்ணி)


மார்ச் 29

அண்ணா,

நலம்.

இன்று காலை உட்கார்ந்தேன். முதுகு நேராக இருந்தது. மூச்சு உள்ளே போனது, வெளியே வந்தது. நீ சொன்ன அமைதி வரவில்லை. நீ வரமாட்டாய் என்பது வந்தது. அதற்கு ஒரு பெயர் வைத்து விட்டுவிடப் பார்த்தேன். போகவில்லை, எதிரே உட்கார்ந்துகொண்டது.

எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டேன். அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது, மெஷின் ஒன்றுதான். நீ வந்தே தீர வேண்டும். உன் பயிற்சியை விட்டுவிட்டு வா என்று நான் சொல்லவில்லை. எடுத்துக்கொண்டு வா. இங்கேயும் காற்று இருக்கிறது. ஜன்னல் பக்கத்து அறையைக் காலி செய்து தருகிறேன். காலையும் மாலையும் உட்கார், மற்ற நேரம் அம்மாவோடு இரு.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள். பகலில் உதவி அம்மாள் வருவதற்கு முன், விடிந்ததும், அம்மா பாத்ரூம் போகக் கூப்பிடுவாள். ஒரு தடவைதான் கூப்பிடுவாள். அதுவும் மெதுவாக. மறுபடி கூப்பிட அவளுக்குக் கூச்சம், தொந்தரவு கொடுக்கிறோமே என்று. அந்த ஒரு தடவையைத் தவறவிட்டால் தானே எழப் பார்ப்பாள்.

பிடிவாதமாகக் கேட்கிறேன், வா.

தங்கை


ஏப்ரல் 12

அன்புத் தங்கைக்கு,

சுகம். வருகிறேன். ஆசிரியரிடம் பேசினேன். இடம் மாறலாம், நேரம் மட்டும் மாறக் கூடாது என்று அனுமதித்தார். ஒரு விதத்தில் இதுவும் சோதனைதான் என்றார். அம்மாவுக்குப் பக்கத்தில் அமைதியாக ஒருவன் இருப்பது அவளுக்கும் நல்லது. நீ கவலையில்லாமல் போ.

ஜன்னல் பக்கத்து அறையில் தெருச் சத்தம் அதிகமா? அதை மட்டும் எழுது.

அன்புடன்,
அண்ணன்


மே 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் ரொம்ப நலம். இப்படி எழுதி எத்தனை நாளாயிற்று! அம்மாவும் நீயும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் அம்மா "எல்லாம் சௌரியம்டி, நீ படி" என்று வைத்துவிடுகிறாள். அவளிடமிருந்து ஒரு சொல்லுக்கு மேல் வாங்க முடியவில்லை.

மெஷின் ஓர் அறை அளவு இருக்கிறது. நடுவில் பெரிய வளையம், அதற்குள் பலகையோடு ஆள் நழுவிப் போவார். உடம்பை ஏடு ஏடாகப் பிரித்துக் காட்டுகிறது. முதல் நாள் கண்ணாடிக்குப் பின்னே உட்கார்ந்தவள், நேரம் முடிந்த பிறகும் எழுந்திருக்காமல் ஒவ்வொரு ஏடாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதில் வேடிக்கை, மெஷினே பேசுகிறது. பதிவு செய்து வைத்த ஒரு பெண் குரல் மூச்சைப் பிடிக்கச் சொல்கிறது. என் வேலையில் பாதியை அவள் பிடுங்கிக்கொண்டாள். ஆனால் என் அளவுக்கு அதட்டத் தெரியவில்லை அவளுக்கு.

விடுதியில் பக்கத்துக் கட்டில்காரி என்னைவிடப் பத்து வயது சின்னவள். நான் காலையில் கண்ணை மூடி உட்கார்ந்தால், "அக்கா, தூக்கம் வருதுன்னா படுத்துத் தூங்குங்களேன், எதுக்கு உட்கார்ந்துட்டு?" என்கிறாள். அவள் விடும் குறட்டைக்கு முன்னால் என் மூச்சு எனக்கே கேட்பதில்லை. இருந்தாலும் ஒரு நாளும் விடவில்லை. உனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று இன்று காலை தோன்றியது. சொல்லிவிட்டேன். நீ வந்ததற்கும்.

அம்மாவுக்கு முத்தம். அவளுக்குப் பிடிக்காது, ஆனாலும் கொடு.

உன் அன்புத் தங்கை


மே 20

அன்புத் தங்கைக்கு,

அம்மா நலம். நானும் நலம். உன் மகிழ்ச்சியைப் படித்து மகிழ்ந்தோம். அம்மாவுக்குக் கடிதத்தை இரண்டு முறை படித்துக் காட்டினேன்.

சில நாளைக்கு முன் காலையில் அம்மா கட்டிலிலிருந்து இறங்கும்போது கொஞ்சம் சறுக்கிவிட்டாள். பயப்பட ஒன்றுமில்லை. தைலம் தடவியிருக்கிறேன். வலி அதிகம் சொல்லவில்லை. நடக்க மட்டும் வேண்டாம் என்கிறாள், ஓய்வெடுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இடது கால் பாதத்தை வெளிப்பக்கமாகச் சாய்த்தே படுத்திருக்கிறாள், அப்படி வைத்தால்தான் சுகமாக இருக்கிறதாம். அந்தக் கால் சற்றுக் குட்டையாகத் தெரிகிறது என்று உதவி அம்மாள் ஏதோ சொல்கிறாள், அவளுக்கு எல்லாமே பெரிதுதான்.

நீ மனதைக் குழப்பிக்கொள்ளாதே. பயிற்சியை முடித்துவிட்டு வா. அமைதியாக இரு.

அன்புடன்,
அண்ணன்


ஜூன் 14

அண்ணா,

நலம் விசாரிக்கும் வரிகளை எழுதி அடித்துவிட்டேன்.

உன் கடிதத்தில் பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்ற இடத்துக்கு வந்ததும் மேலே படிக்கவில்லை. அப்படிப் படுத்த கால்களைப் பலகை மேல் எத்தனை பார்த்திருக்கிறேன்! இடுப்புக்குக் கீழே எலும்பு முறிந்த வயதானவர்கள் எல்லாரும் அப்படித்தான் படுத்திருப்பார்கள். நல்ல கால் அது ஒன்றுதான், அண்ணா. அதுவும் போயிற்று. பக்கத்துக் கட்டில்காரிதான் என் பெட்டியைக் கட்டிக்கொடுத்தாள். "முடிக்க இன்னும் பாதிகூட இல்லையேக்கா" என்று அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை.

நான் வந்த அன்றே, அம்மாவை இன்னும் மூடாத எங்கள் எக்ஸ்ரே அறைக்கே கொண்டுபோய் நானே படம் எடுத்தேன். மூச்சைப் பிடிக்கச் சொல்ல வேண்டிய படம் இல்லை அது. ஆனாலும் அம்மா பிடித்துக்கொண்டிருந்தாள், கத்திவிடக் கூடாது என்று. டார்க் ரூம்காரர் ஈரப் பிலிமைப் பிடித்தபடி வெளியே வந்தார். வழக்கமாக ஏதாவது சொல்கிறவர், "நீங்க பார்க்க வேணாம்மா, டாக்டர்கிட்ட நானே கொடுத்திடறேன்" என்றார். வாங்கிப் பார்த்தேன். அறுவை முடிந்து அம்மாவை வெளியே கொண்டு வரும்வரை நீ வராந்தாவில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாய். மறுநாள் ரயிலேறிவிட்டாய். எதையும் கேட்க முடியவில்லை. கேட்டால் என் சத்தத்துக்கும் ஒரு பெயர் வைத்து விட்டுவிடுவாயோ என்று இருந்தது.

அம்மாவிடம் கேட்டேன். அவள் கூப்பிடவே இல்லையாம். "கூப்பிட்டிருந்தா அவன் வந்திருக்க மாட்டானா? நான்தான் அவசரப்பட்டு எழுந்தேன்" என்கிறாள். சரி. அம்மாவே சொல்கிறாள், நான் நம்புகிறேன். உன்மேல் வைத்திருந்த சந்தேகத்தை எடுத்துவிட்டேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பயிற்சியைப் பாதியில் விட்டதால் மெஷினை எனக்குப் பின்னால் சேர்ந்தவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் திங்கட்கிழமையிலிருந்து டோக்கன் கவுண்டர்.

தங்கை


ஜூலை 30

தங்கைக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத நாளாகிவிட்டது. பல முறை எழுதிக் கிழித்தேன்.

அம்மா கூப்பிடவே இல்லை என்றா சொன்னாள்?

நான் பயிற்சியை நிறுத்திவிட்டேன். உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் ஒரே சத்தம்தான், வேறு எதுவும் கேட்பதில்லை. அண்ணி பேசுவதில்லை. நீ சரி என்றால் வந்து அங்கேயே தங்கிவிடுகிறேன். எவ்வளவு நாளானாலும்.

அம்மா எப்படி இருக்கிறாள்?

அண்ணன்


ஆகஸ்ட் 17

அண்ணாவுக்கு,

அம்மா படுக்கையில் இருக்கிறாள். இனி எழமாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாப்பிடுகிறாள், பேசுகிறாள். உன்னைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறாள்.

நீ கேட்ட அந்த ஒரு வரியைப் பலமுறை படித்தேன். உண்மையிலேயே சத்தம் வராத வீட்டில் இருந்தவன் அப்படிக் கேட்க மாட்டான். ஆக, அம்மா கூப்பிட்டிருக்கிறாள். உன் காதில் விழுந்திருக்கிறது. நீ கற்றுக்கொண்டபடியே அது வந்தது, போனது. இதைவிட விளக்கமாக எழுதாதே, எனக்கும் போதும்.

நீ பயிற்சியை நிறுத்திவிட்டாய் என்பதை அம்மாவிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "ஐயையோ, என்னாலயா? நல்லா இருந்தானே!" என்று அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. கடைசியில் நான் தப்பாகப் படித்துவிட்டேன், தினமும் உட்காருகிறானாம் என்று சொல்லிச் சாப்பிட வைத்தேன். ஆகவே நீ வருவதானால் வா, தடுக்க மாட்டேன். ஆனால் அம்மா பார்க்கும்படி காலையும் மாலையும் நீ கண்ணை மூடி உட்கார வேண்டியிருக்கும். உன் அமைதியைக் கெடுத்துவிட்டோம் என்ற வருத்தத்தோடு அவளைப் போகவிட எனக்கு மனமில்லை. முடியுமா என்று பார். முடியாவிட்டால் வராதே.

டோக்கன் கவுண்டர் பழகிவிட்டது. எண்ணைக் கூப்பிடுவேன். ஒரு தடவை கூப்பிட்டு வராவிட்டால் அடுத்த எண்ணுக்குப் போகச் சொல்லி உத்தரவு. நான் போவதில்லை. வரிசையில் இருப்பவர்கள் திட்டுகிறார்கள். "காது கேக்காதவங்களுக்காக நாங்க காத்துக் கிடக்கணுமா?" என்று ஒருவர் ஜன்னலில் தட்டினார்.

நானும் பயிற்சியை விடாமல்தான் வைத்திருந்தேன். அம்மா படுக்கையான பிறகு அவள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்காருவேன். போன வாரம் ஒரு காலை, முடித்துக் கண்ணைத் திறந்தபோது படுக்கை முழுக்க நனைந்திருந்தது. அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். "ஏம்மா கூப்பிடலை?" என்றேன். "நீ உட்கார்ந்திருந்தியே" என்றாள். எவ்வளவு நேரமாக அப்படிக் கிடந்தாள் என்று சொல்லவில்லை. பக்கத்தில்தான் இருந்தேன், அண்ணா. கை நீட்டினால் தொடலாம். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, ஏனென்றால் இப்போது அவள் அந்த ஒரு தடவையும் கூப்பிடுவதில்லை.

மறுநாள் காலையில் அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். முதுகைச் சாய்த்துக்கொண்டு, கண்ணைத் திறந்துகொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி. அம்மா ரொம்ப நேரம் என்னையே கவனித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, பண்ணலையா இன்னிக்கு?"

"இல்லம்மா. சும்மாதான் உட்கார்ந்திருக்கேன்."

"நிஜமாவா?"

"நிஜமா."

"அப்போ ஒரு வாய் தண்ணி குடேன்" என்றாள்.

தங்கை